குழந்தைக்குக் கைட்சர்ஃபிங்: முதலில் விடக் கற்றுக்கொடுங்கள்

கைட்சர்ஃபிங் என்பது காற்றில் பறக்கும் பட்டம் இழுக்க, போர்டின்மேல் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு. "எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்?" பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். வயதை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்பெயினைச் சேர்ந்த ஹிசேலா புலிதோ 2004-இல் பத்து வயதிலேயே உலகச் சாம்பியன் ஆனார். அதைக் கேட்டு ஆசைப்படலாம், அவசரப்படக் கூடாது. பயிற்சிப் பள்ளிகள் பலவும் பிள்ளையின் வயதைவிட எடையைத்தான் முதலில் விசாரிக்கும். பட்டம் இழுக்கிறது, அந்த இழுப்புக்கு ஈடுகொடுப்பது உடம்பின் எடை. எடை போதாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும்.

என் கணக்கு இது: 30 கிலோவுக்குக் கீழே இருந்தால் தரையில் சிறிய பயிற்சிப் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 35 கிலோவைத் தாண்டிவிட்டால் தண்ணீரில் இறங்குவதைப் பற்றி யோசிக்கலாம். நடுவில் இருப்பவர்களை ஒரு நல்ல பயிற்சியாளர் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

எடைக்கு அடுத்தது நீச்சல். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகவிடப் போகிறீர்களோ, அதைப் போல இரண்டு மடங்கு தூரம் பிள்ளை தனியாக நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் நீந்துவது வேறு, முகத்தில் அலை அடிக்கும்போது நீந்துவது வேறு. வாயில் தண்ணீர் போனதும் பதறாமல் மல்லாந்து மிதக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம், "நிறுத்து" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்தும் பிள்ளையா? வீட்டில் எப்படியோ போகட்டும், இங்கே அது கட்டாயம். கடைசியாக, ஆசை யாருடையது? அப்பாவின் ஆசைக்காகத் தண்ணீரில் நிற்கும் பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பட்டத்தைப் பார்க்காமல் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

காற்றை நீங்கள் முதலில் படியுங்கள்

உங்களுக்கே கைட்சர்ஃபிங் புதிதென்றால், பிள்ளைக்கு எதையும் வாங்குவதற்கு முன் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். காற்றின் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். முக்கியமான விஷயம், வேகம் கூடும் அதே அளவில் இழுவிசை கூடுவதில்லை. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 நாட் காற்று 20 ஆனால் இழுப்பு நான்கு மடங்கு. 12 நாட் 17 ஆனாலே ஏறக்குறைய இரட்டிப்பு. உங்கள் முகத்தில் படும்போது 12-க்கும் 17-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 35 கிலோ பிள்ளைக்கு அது நிற்பதற்கும் இழுபடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

தரைப் பயிற்சிக்கு 7 முதல் 12 நாட் வரை போதும். தண்ணீரில் தொடங்க 12 முதல் 16 வரை நல்ல காற்று. அதற்குக் கீழே போனால் காற்றடைத்த சின்னப் பட்டம் வானத்தில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். கருவி இல்லாமலும் ஓரளவு கணிக்கலாம். தண்ணீரில் ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் 7 முதல் 10 நாட், பார்க்கும் இடமெல்லாம் நுரை தெரிந்தால் 11 முதல் 16 நாட் என்கிறது போஃபோர்ட் அளவுகோல். ஆனாலும் ஒரு கையடக்கக் காற்றுமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். திடீரென்று அடிக்கும் வேகக்காற்றின் உச்சம் எவ்வளவு என்று பாருங்கள். சராசரி 13 காட்டுகிறது, உச்சம் 20 தொடுகிறது என்றால் இழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறி இறங்குகிறது. அன்றைக்குப் பிள்ளை மணலில் விளையாடட்டும்.

திசையில் பேரத்துக்கே இடமில்லை. கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்றில் பிள்ளையை இறக்கவே கூடாது. தண்ணீர் அமைதியாகத் தெரியும், காற்று இதமாக இருக்கும், ஏதாவது கோளாறானால் பிள்ளை உங்களிடம் வராது, தூரமாகப் போகும். தண்ணீரிலிருந்து நேராகக் கரைமேல் வீசும் காற்றில் வேறு சிக்கல்: பட்டம் பிள்ளையைக் கரையில் இருப்பவற்றின்மேல் இழுத்துவிடும். கரைக்குச் சாய்வாக, பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி வீசும் காற்றுதான் கற்றுக்கொள்ள ஏற்றது. தவறினாலும் மெதுவாகக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

காற்று போகும் பக்கத்தில் குறைந்தது இரண்டு கயிற்று நீளம், அதாவது ஏறத்தாழ 50 மீட்டர், வெறும் வெளியாக இருக்க வேண்டும். மரம், பாறை, மின்கம்பி, வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் அங்கே கூடாது. கட்டடத்துக்கோ மரக்கூட்டத்துக்கோ பின்னால் நிற்காதீர்கள். அங்கே காற்று சுழன்று வரும், பட்டம் காரணமே இல்லாமல் விழும், பிள்ளை தன் மேல்தான் தப்பென்று நினைத்துக்கொள்ளும். தூரத்தில் இருண்ட மேகம் திரண்டால் இடி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், பட்டத்தை இறக்கிவிடுங்கள். மழைமேகத்துக்கு முன்னால் வரும் காற்று சொல்லாமல் கொள்ளாமல் வரும்.

பயிற்சிப் பட்டம்: மணலில் சில வாரங்கள்

முதலில் வாங்க வேண்டிய பட்டம் தண்ணீருக்கானதே அல்ல. துணியாலான, உள்ளே குழாய் இல்லாத சின்னப் பயிற்சிப் பட்டம் போதும். 30 கிலோ அளவுள்ள பிள்ளைக்கு 1 முதல் 1.5 சதுர மீட்டர். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு 2. பெரியவர்கள் பழகும் 3 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டம் 15 நாட் காற்றில் சின்னப் பிள்ளையை மணலில் தரதரவென்று இழுத்துவிடும்.

கடையில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும்: இரண்டு கயிறு, மூன்று கயிறு. நான் மூன்று கயிற்றுப் பட்டத்தைத்தான் சொல்வேன். மூன்றாவது கயிறு கைப்பட்டையோடு இணைந்திருக்கும். பாரை (பட்டத்தை ஓட்டக் கையில் பிடிக்கும் குறுக்குத் தண்டை) விட்டவுடன் பட்டம் இழுவையை இழந்து தரையில் மடங்கி விழும். எந்த வகை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிள்ளை இரண்டு கையையும் விட்டால் என்ன ஆகும்? "பட்டம் பறந்து போய்விடும்" என்றால் அதை வாங்காதீர்கள்.

பிள்ளையைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். எதிரே ஒரு பெரிய கடிகாரம் நிற்பதாகச் சொல்லிக்கொடுங்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி, வலக்கோடியில் 3 மணி, இடக்கோடியில் 9 மணி. பட்டம் இந்த விளிம்பில் இருந்தால் சாதுவாக நிற்கும். நடுவில், பிள்ளைக்கு நேர் எதிரே தாழ்வாக வந்தால் முழுவேகத்தில் இழுக்கும். விளிம்பு சாது, நடு முரடு. இதைப் பிள்ளை வாயால் சொல்லாமல் உடம்பால் சொல்லும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

பாரை வண்டி ஸ்டியரிங் போலத் திருப்பப் பார்ப்பார்கள் பிள்ளைகள். வலக்கையை இழுத்தால் வலப்பக்கம், இடக்கையை இழுத்தால் இடப்பக்கம், அவ்வளவுதான். முதலில் 11-க்கும் 1-க்கும் நடுவே மெதுவாக ஆட்டட்டும். பிறகு படுத்த எட்டு வடிவம் போடட்டும். அது கைவந்ததும் ஒரு கையால் ஓட்டட்டும். தண்ணீரில் மறு கை போர்டைப் பிடிக்க வேண்டியிருக்கும். அடுத்து பட்டத்தைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டட்டும். பேச்சுக் கொடுத்ததும் பட்டம் தடுமாறினால் இன்னும் நாள் வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அவசரம் காட்டுபவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். மணலில் நன்றாகப் பழகிய பிள்ளை தண்ணீரில் இறங்கியதும் பட்டத்தை மறந்துவிட்டுப் போர்டைக் கவனிக்கும். பழகாத பிள்ளைக்கு இரண்டையும் பார்க்க முடியாமல் அழுகை வரும்.

உடம்பில் மாட்டுபவை

பயிற்சிப் பள்ளியில் பட்டமும் போர்டும் கிடைத்துவிடும். சின்ன உடம்புக்குப் பொருந்தும் ஹார்னஸும் (முன்பக்கக் கொக்கியில் பட்டத்தின் இழுப்பை வாங்கி உடம்பில் தாங்கும் கச்சு) லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் பல இடங்களில் கிடைக்காது. அதனால் சொந்தமாக வாங்குவதென்றால் இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

ஹார்னஸில் இடுப்புப் பட்டை வகை பார்க்க அழகு. பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு இன்னும் அகலமாகவில்லை, பட்டம் மேலே இழுத்தவுடன் அது விலா எலும்புவரை ஏறிவிடும். மூச்சுத் திணறும், கொக்கி நெஞ்சுக்கு வந்துவிடும், பார் இன்னும் எட்டாமல் போகும். தொடையைச் சுற்றிப் பட்டை வரும் இருக்கை வகை ஹார்னஸ்தான் சரி. அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் வழக்கத்தை இதில் மட்டும் விட்டுவிடுங்கள். முதுகில் பெரியவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தால் நல்லது.

மிதவையில் கவனம் வேண்டும். இம்பேக்ட் வெஸ்ட் என்று விற்பது அடிபடாமல் காக்கும் மெத்தை. கொஞ்சம் மிதக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்கு வேண்டியது 50 நியூட்டன் வகை மிதவை ஜாக்கெட். அதைப் போட்டு அதன்மேல் ஹார்னஸை மாட்டிப் பாருங்கள். நீளமான ஜாக்கெட் கொக்கியை மறைக்கும், ஆபத்தில் பட்டத்தை விடுவிக்கும் அவசர விடுவிப்பை மறைக்கும். இடுப்புக்கு மேலேயே முடியும் குட்டையான வெட்டு தேடுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் மோவாய்வரை ஏறக் கூடாது.

ஹெல்மெட் நீர் விளையாட்டுக்கென்றே செய்ததாக இருக்கட்டும், இஎன் 1385 என்ற குறி இருக்கும். சைக்கிள் ஹெல்மெட் தண்ணீருக்கென்று செய்ததல்ல. காது மூடியிருந்தாலும் உங்கள் குரல் கேட்க வேண்டும்.

வெட்சூட், அதாவது உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். எடைக்கு ஒப்பிட்டால் பிள்ளைகளின் தோல்பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். வெதுவெதுப்பாகத் தெரியும் தண்ணீரிலும் மெல்லிய வெட்சூட் போடுங்கள். உதடு நீலமானால் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னாலேயே ஓர் அறிகுறி உண்டு. தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தும். அப்போதே கரைக்கு அழைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி போதும்.

தண்ணீருக்கான பட்டம்

முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் உள்ள பட்டம் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழும். பிரான்ஸின் லெகேன்யூ சகோதரர்கள் 1984-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கோரினார்கள். இன்று கடலில் நீங்கள் பார்க்கும் பட்டங்களில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: எடையைக் கிலோவில் எடுத்து, காற்று வேகத்தை நாட் கணக்கில் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து 2.2-ஆல் பெருக்குங்கள். 35 கிலோ, 14 நாட் என்றால் 5.5 சதுர மீட்டர் வரும். 18 நாட் என்றால் 4.3. இது ஓட்டத் தெரிந்தவர்களுக்கான கணக்கு. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இதிலிருந்து ஓர் அளவு குறைத்துக்கொள்ளுங்கள். 35 கிலோவுக்கு 4 அல்லது 4.5-இல் தொடங்கினால் தப்பில்லை.

ஆனால் சின்னப் பட்டம் என்றால் சாதுப் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்களின் 12 சதுர மீட்டர் பட்டம் சோம்பலாகத் திரும்பும், தப்புச் செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் தரும். 4 சதுர மீட்டர் பட்டம் கண் சிமிட்டுவதற்குள் 12 மணியிலிருந்து நடுவுக்குப் பாய்ந்துவிடும். பிள்ளைக்குத்தான் நிதானமான பட்டம் வேண்டும், அதற்குக் கிடைப்பதோ துடியான பட்டம். இதற்கு மருந்து கயிற்று நீளத்தில் இருக்கிறது. வழக்கமான கயிறு 20 முதல் 24 மீட்டர். பிள்ளைக்கு 10 மீட்டர் அளவில் தொடங்குங்கள். குட்டைக் கயிற்றிலும் பட்டம் வேகமாகத்தான் போகும், ஆனால் ஓடும் தூரம் குறைவு, வேகமெடுக்க இடமில்லை, ஆகவே இழுப்பும் குறைவு. பழகப் பழக 15, அப்புறம் 18 என்று கூட்டிக்கொண்டே போகலாம். கழற்றி மாட்டக்கூடிய நீட்டிப்புக் கயிறுகளோடு வரும் பார் கிடைத்தால் விடாதீர்கள்.

வடிவத்தில், பாரைத் தள்ளியதும் ஏறக்குறைய முழு இழுப்பையும் இழக்கும் வகை வேண்டும். விற்பவரிடம் "பாரை முழுக்கத் தள்ளினால் எவ்வளவு இழுப்பு மிஞ்சும், ஒரு பக்கக் கயிற்றை இழுத்தாலே தண்ணீரிலிருந்து எழுமா" என்று கேளுங்கள். குதிப்பதற்கு நல்லது, அலைக்கு நல்லது என்ற பேச்சையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுங்கள்.

பார்: கை எட்டுகிறதா?

பட்டத்தைவிடப் பார்தான் முக்கியம் என்பேன். பெரியவர்களுக்கான பாரில் தள்ளி இழுக்கும் தூரம் வளர்ந்த கையின் நீளத்துக்குச் செய்தது. பிள்ளை அதைத் தள்ளினால் பாதியிலேயே பிடி நழுவும். நழுவாமல் இருக்க எம்பிப் பிடித்தால் பார் தானாக உள்ளே வரும், பட்டம் இழுக்கும்.

வாங்கும் முன் இப்படிச் சோதியுங்கள். கயிறுகளை ஒரு கம்பத்தில் கட்டுங்கள். பிள்ளைக்கு வெட்சூட், ஜாக்கெட், ஹார்னஸ் எல்லாம் மாட்டி, கொக்கியில் இணைத்து, பின்னால் சாயச் சொல்லுங்கள். பாரை முழுக்கத் தள்ளிய நிலையிலும் விரல்கள் அதைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அதற்கும் மேலே இருக்கும் இழுவைக் குறைப்புப் பட்டையையும் கை எட்ட வேண்டும். எட்டவில்லை என்றதும் சிலர் நடுக்கயிற்றில் இருக்கும் தடுப்பு மணியைக் கீழே இறக்கிவிடுவார்கள். கை எட்டும், ஆனால் பாரை முழுக்கத் தள்ள முடியாது, பட்டத்தில் இழுப்பு மிஞ்சியே நிற்கும். அதைவிடத் தள்ளுதூரமே குறைவாக உள்ள, சின்னப் பட்டங்களுக்கென்று செய்த பாரை வாங்குவது மேல். அகலம் 40 சென்டிமீட்டர் சுற்றி இருக்கட்டும். அகலமான பார் துடியான பட்டத்தை இன்னும் துடியாக்கும்.

விடும் பயிற்சி

பயந்தால் நாம் என்ன செய்வோம்? கையில் இருப்பதை இறுகப் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொள்வோம். கைட்சர்ஃபிங்கில் இதைவிட ஆபத்தான பழக்கம் கிடையாது. பாரை நெஞ்சுக்கு இழுத்தால் பட்டம் முழு வேகம் எடுக்கும்; பயம் கூடும்; பிள்ளை இன்னும் இழுக்கும். பெரும்பாலான விபத்துகளைத் தடுக்கும் வேலை பாரை விடுவதுதான். அது இயல்பாக வராது, சொல்லிக்கொடுத்தும் வராது. உடம்பில் ஏற்ற வேண்டும்.

மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, பாரை விடுவது: பார் தானாக மேலே ஓடும், இழுப்பு குறையும். இரண்டாவது, கொக்கியில் மாட்டியிருக்கும் வளையமான சிக்கன் லூப்பின் அவசர விடுவிப்பைத் தள்ளுவது: பட்டம் ஒரே கயிற்றில் கொடிபோலப் படபடத்துத் தண்ணீரில் விழும், பட்டத்தை ஹார்னஸோடு இணைக்கும் லீஷ் என்ற பாதுகாப்புக் கயிறு மட்டும் பிடித்திருக்கும். மூன்றாவது, அப்போதும் இழுத்தால் லீஷையும் கழற்றிவிடுவது: பட்டம் போய்விடும், பிள்ளை இருக்கும். வரிசை மாறக் கூடாது. லீஷ் ஹார்னஸின் முன்பக்கம் மாட்டியிருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதுகுப் பக்கம் மாட்டுவதைப் பார்த்து அப்படிச் செய்துவிடாதீர்கள், பிள்ளையின் கை அங்கே போகாது.

இப்போது வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி. உங்கள் எடையையும் தாங்கும் ஓர் உறுதியான உத்தரமோ கம்பியோ பாருங்கள். சிக்கன் லூப்பை அதில் தொங்கவிட்டு, பிள்ளையை ஹார்னஸோடு அதில் மாட்டுங்கள். பாதம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும், கீழே மெத்தை போடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஹெல்மெட் தலையில் இருக்கட்டும். பிள்ளையின் முழு எடையும் இப்போது அந்த விடுவிப்பின் மேல் இருக்கிறது. கீழே குனியாமல், கையால் தடவியே அதைத் தேடச் சொல்லுங்கள். உங்களிடம் உள்ளதைப் பொறுத்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டியதா இழுக்க வேண்டியதா என்று முதலிலேயே காட்டிக்கொடுங்கள். தள்ளியதும் கிளிக் என்று திறந்து, பிள்ளை மெத்தையில் பொத்தென்று விழும், சிரிக்கும். மறுபடி மாட்டுங்கள். வலக்கையால், இடக்கையால், கண்ணை மூடிக்கொண்டு, கையுறை ஈரமாக இருக்கும்போது, நீங்கள் சும்மா இருந்து திடீரென்று "விடு!" என்று கத்தும்போது.

இங்கேதான் பொருளின் தரமும் வெளிவரும். சில விடுவிப்புகளைத் தள்ள வளர்ந்த ஆளின் மணிக்கட்டு வலு வேண்டும். தொங்கிக்கொண்டே பிள்ளையால் ஒரு கையால் திறக்க முடியவில்லை என்றால், அந்தப் பார் எவ்வளவு நல்ல பெயரோடு வந்தாலும் உங்களுக்கு உதவாது. கைட்போர்டிங் (கைட்சர்ஃபிங்கின் இன்னொரு பெயர்) விடுவிப்புகளுக்கென்று ஐஎஸ்ஓ 21853 என்ற தரநிலை 2020-இல் வந்தது. அந்தக் குறி உள்ளதை வாங்குங்கள், ஆனாலும் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளே மணல் புகுந்தால் நல்ல விடுவிப்பும் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு நாளும் கரையில் ஒருமுறை திறந்து மூடிவிட்டுப் போவது நல்ல பழக்கம்.

பட்டம் போய்விடுமே, தொலைந்துவிடுமே என்ற கவலை பிள்ளைக்கு இருக்கும். விலை உயர்ந்த பொருள் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டிருக்கும். "தேவையில்லாமல் விட்டாலும் திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்படியே நடந்தும் கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது

இங்கே என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது: நீங்கள் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருந்தாலும் தண்ணீரில் உங்கள் பிள்ளைக்கு நீங்களே ஆசிரியராகாதீர்கள். பெற்றோர் சொல்லும்போது பிள்ளை வாதாடும், பெற்றோரும் பொறுமை இழப்பார்கள். ஐகேஓ (சர்வதேசக் கைட்போர்டிங் அமைப்பு) போன்ற அமைப்பின் சான்று பெற்ற, குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவம் உள்ள பயிற்சியாளரைப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதானா, ஹெல்மெட்டில் ரேடியோ உண்டா, மீட்புப் படகு நிற்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வேலை பட்டத்தை ஏற்றி இறக்க உதவுவது, துண்டோடு காத்திருப்பது. கரையிலிருந்து கத்தி யோசனை சொல்வது அதில் சேராது. காற்றில் பாதிதான் கேட்கும், கேட்ட பாதி குழப்பும்.

இடம், பிள்ளையின் இடுப்பளவு ஆழமுள்ள, அலையில்லாத, மணல் தரைத் தண்ணீர். முதலில் போர்டே வேண்டாம். பயிற்சியாளர் பட்டத்தைத் தன் ஹார்னஸில் மாட்டிக்கொண்டு பிள்ளையை முன்னால் நிறுத்தி ஓட்டச் சொல்வார். பிறகு பிள்ளை தன் ஹார்னஸில் மாட்டும், அவர் முதுகுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். அடுத்தது உடம்பாலேயே தண்ணீரில் இழுபட்டுச் செல்வது. பிள்ளைகளுக்கு இதுதான் உச்சக்கட்ட மகிழ்ச்சி, இதிலேயே நாள்கணக்கில் விட்டுவிடலாம். நேராக இழுபடுவது வந்ததும் ஒரு கையைத் துடுப்பாக நீட்டிக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஏறிச் செல்லப் பழக வேண்டும். போர்டு நழுவிப்போனால் எடுத்துவர இதுதான் வழி. போர்டையும் காலையும் கயிற்றால் கட்டும் லீஷ் வேண்டவே வேண்டாம். போர்டு தெறித்து வந்து தலையில் அடிக்கும்.

பட்டம் தண்ணீரில் விழுந்தால் எழுப்புவது, எழுப்ப முடியாவிட்டால் கயிற்றைப் பாரில் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடைந்து அதையே மிதவையாகப் பிடித்துக் கரை சேர்வது, இரண்டையும் ஆழமில்லாத இடத்திலேயே பலமுறை செய்து பார்க்கட்டும். தளர்ந்த கயிறு விரலிலோ காலிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. கயிறு வெட்டும் கொக்கிக் கத்தி பயிற்சியாளரிடமும் உங்களிடமும் இருக்கட்டும். தலையில் தட்டிக் காட்டினால் "என் பட்டத்தை இறக்க உதவுங்கள்" என்று பொருள், இதையும் பழக்கிவிடுங்கள்.

போர்டு

இரண்டு முனையும் ஒரே மாதிரி உள்ள ட்வின்டிப் போர்டு. 30 முதல் 40 கிலோவுக்கு 115 முதல் 125 சென்டிமீட்டர் நீளம், கொஞ்சம் அகலமாக, வளைவு குறைவாக. பெரிய போர்டு சீக்கிரம் மிதந்து எழும் என்று பெரியவர்களுக்குச் சொல்வது உண்மை. பிள்ளையிடம் அதைத் தந்தால் திருப்ப வலு போதாது. கால்பட்டை அந்தச் சின்னப் பாதத்துக்கு இறுகும் அளவுக்குச் சுருங்குகிறதா என்று மாட்டிப் பாருங்கள்.

எழுந்து நிற்கும் முறை: பட்டம் 12 மணியில், பிள்ளை தண்ணீரில் உட்கார்ந்த நிலை, முழங்கால் நெஞ்சை ஒட்டி, கால்கள் பட்டையில். போக வேண்டிய பக்கமாகப் பட்டத்தை ஒரு வெட்டு வெட்டினால் அது தூக்கி நிறுத்தும். கையால் எழ முயல்வார்கள், காலை சீக்கிரம் நீட்டிவிடுவார்கள். "பட்டம் உன்னைத் தூக்கட்டும், நீ எழாதே" என்று சொன்னால் பாதி சரியாகிவிடும். ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று வந்துவிடுகிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தண்ணீருக்கு மேலே பறந்துபோன போர்டுகளைப் பார்த்துவிட்டு ஹைட்ரோஃபாயில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கலாம். அடியில் இருப்பது கூரான இறக்கை. முதலில் ட்வின்டிப்பில் இரண்டு பக்கமும் போய்த் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பழையது வாங்கலாமா?

பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கும், எல்லாம் புதிதாக வாங்கிக் கட்டுப்படியாகாது. பட்டம், போர்டு, வெட்சூட் மூன்றையும் தயங்காமல் பழையதாக வாங்கலாம். பாரும் ஹெல்மெட்டும் மிதவை ஜாக்கெட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

பழைய பட்டத்தை அங்கேயே காற்றடைத்து ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள், தளர்ந்தால் குழாயில் ஓட்டை. எவ்வளவு அழுத்தம் என்று பட்டத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். துணியை விரலால் கசக்கிப் பாருங்கள். புதுத் துணி மொடமொடவென்று சத்தம் போடும். வெயிலில் காய்ந்தது கைக்குட்டை மாதிரி தொளதொளவென்று இருக்கும், இழுத்தால் கிழியும். 2005-ஐ ஒட்டித்தான் முழு இழுப்பையும் தணிக்கக்கூடிய வடிவங்கள் பரவின. அதற்கு முந்தைய ஆழ்ந்த வளைவுப் பட்டம் யாராவது இலவசமாகத் தந்தாலும் பிள்ளைக்கு வேண்டாம்.

பார் புதிதாக இருந்தாலும் கயிறுகளை அவ்வப்போது அளந்து பாருங்கள். நான்கின் முனைகளையும் ஒரு கம்பத்தில் மாட்டி, பாரைச் சமமாகப் பிடித்து இழுங்கள். முன்கயிறு இரண்டும் அதிகச் சுமை தாங்குவதால் காலப்போக்கில் நீண்டுவிடும், அப்போது பின்கயிறுகள் ஒப்பீட்டில் குட்டையாகிப் பட்டம் பின்னோக்கிச் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். முனையில் இருக்கும் முடிச்சுகளில் ஒன்றை மாற்றிப் போட்டுச் சமப்படுத்தலாம். முடிச்சை மாற்றியும் சரியாகவில்லை என்றால் கயிற்றுத் தொகுதியை மட்டும் புதிதாக மாற்றுங்கள்.